வெயிலில் ஒழுகும் வண்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், ரோலிங் மில் புகை படிந்து வெள்ளைச் சுவரெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்ட தெருவில் பாக்கியராஜ் வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவு எண் தேவையில்லை. குழாய்க்கெல்லாம் கட்டுப் போட்ட வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். சமையலறைக் குழாயின் கழுத்தில் சைக்கிள் ட்யூப். குளியலறைக் குழாய்க்கு சிமெண்ட் பூச்சு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் மேலிருந்து கீழ்வரை எம்சீல் பசை உருண்டைகள். பிளம்பர் ஒருவர் அந்த வாசற்படி ஏறியதாகச் சரித்திரம் இல்லை. சொட்டுவது நின்றதாகவும் சரித்திரம் இல்லைதான், ஆனால் அதை பாக்கியராஜிடம் சொல்லக்கூடாது.

"முன்ன ஓடிக்கினு இருந்துச்சி. இப்ப சொட்டுது. அப்ப ரிப்பேர் ஆயிட்ச்சின்னுதானே அர்த்தம்?" என்பான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் காலம் தள்ளியவர்கள். பாக்கியராஜ் மில்லில் கம்பி இழுத்து, பிறகு அந்த அனல் ஒத்துக்கொள்ளாமல், பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி லோடு அடிக்க ஆரம்பித்தான். வாங்கிய புதிதில் சூளூர்பேட்டைக்கு லோடு ஏற்றிப் போகும்போது ஆரம்பாக்கம் தாண்டி ரேடியேட்டர் கொதித்து, தண்ணீர் ஒழுகி, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. சாலையோர டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நைனா, மெக்கானிக்க தேடிக்கினு போனா பொழுது சாஞ்சிடும். மஞ்சத்தூள் ஒரு பொட்டலம் போடு, தண்ணி ஊத்து, போய்க்கினே இரு" என்றார்.

போட்டான். ஊற்றினான். தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொண்டது. வண்டி சூளூர்பேட்டை போய்த் திரும்பியும் வந்தது. அன்று பிடித்த பைத்தியம் பாக்கியராஜை இன்றுவரை விடவில்லை. அதற்குப் பிறகு வேறொரு டிரைவர், டீசல் டேங்கில் கசிவு வந்தால் துணி சோப்பைத் தேய்த்து அடைத்துவிடு, டீசலுக்கு சோப்பு கரையாது என்று சொல்லிக்கொடுத்தார். அதுவும் பலித்தது. இரண்டு வித்தை பலித்துவிட்ட மனிதனை யார் பிடிக்க முடியும்? மெக்கானிக் அன்புசெல்வனின் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே ஹார்ன் அடித்துவிட்டுப் போக ஆரம்பித்தான்.

பாவம் ஞானம்மா. குழம்பு வைக்க டப்பாவைத் திறந்தால் மஞ்சள்தூள் இருக்காது. துணி துவைக்க உட்கார்ந்தால் சோப்பு பாதி இருக்கும். கடைசியில் இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நகையை வெளியே வைத்துவிட்டு மஞ்சள்தூளைப் பூட்டி வைக்கும் வீடு தமிழ்நாட்டிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று மகள் ஷைனி சிரிப்பாள்.

இவ்வளவு இருந்தும் தினம் காலையில் ஞானம்மா அந்த வண்டியின் முன் சீட்டில்தான் ஏறுவாள். சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் அவளுக்கு வேலை. பாக்கியராஜுக்கும் அந்தப் பக்கம்தான் லோடு. வீட்டில் டிவி இருக்கும், ஷைனி இருப்பாள், மிக்சி ஓடும். புருஷனும் பெண்டாட்டியும் மனம்விட்டுப் பேசுவது அந்தக் கேபினுக்குள் மட்டும்தான். சூப்பர்வைசர் செய்த அக்கிரமம், ஜெப வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, ஷைனிக்கு நர்சிங் சீட்டு கிடைக்குமா, எல்லாம் அங்கேதான். பாக்கியராஜ் அதிகம் பேசமாட்டான். "ம்" என்பான். அந்த "ம்" சொல்வதில் அவனுக்கு இருந்த சந்தோஷம் அவனுக்கே தெரியாது, அந்தச் சீட்டு காலியாகும் வரை.

காலியானது ஆவணி மாதத்தில். காக்களூரில் ஞானம்மாவின் சிநேகிதி வீடு கட்டி, பாஸ்டரை வரவழைத்து ஜெபம் வைத்திருந்தாள். ஞானம்மாவுக்கு நல்ல குரல். பாட்டுப் பாட முன்வரிசையில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். சந்தன நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடி, பாட்டை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போனாள். சுள்ளென்று வெயில், முதுகு ஈரமானதை வியர்வை என்று நினைத்துக்கொண்டாள். மேகம் என்று ஒரு துண்டுகூட இல்லை. காக்களூரில் இறங்கி, முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் முதுகைக் காட்டி, மூன்று பாட்டையும் உருக்கமாகப் பாடி முடித்துத் திரும்பினால், கூட்டத்தில் பாதிப்பேர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். தோளிலிருந்து இடுப்புவரை துருத் தண்ணீர் இறங்கிப் புடவையின் பின்பக்கம் பழுப்புக் கோலம் போட்டிருந்தது.

திரும்பி வரும்போது ஞானம்மா வண்டியில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பாக்கியராஜ் வண்டியை உருட்டிக்கொண்டே கூடப் போனான்.

"ஏறு ஞானம். ஊட்டுக்குப் போனதும் சரி பண்ணிடறேன்."

"நீ சரி பண்ணு, பண்ணாம போ. இனிமே உன் வண்டியில நான் குந்தினா என்னை ஏன்னு கேளு."

மறுநாளிலிருந்து கம்பெனி பஸ். காலையில் தெருமுனையில் அது வந்து ஹார்ன் அடிக்கும், ஞானம்மா டிபன் பையோடு போய் ஏறிக்கொள்வாள். பின்னாலேயே பாக்கியராஜ் காலி சீட்டோடு வண்டி ஓட்டிக்கொண்டு போவான். பழக்கதோஷத்தில் ஒருநாள் தனக்குத்தானே "ம்" என்றுகூடச் சொன்னான்.

கண்டுபிடித்தே தீருவது என்று இறங்கினான். ஆனால் இந்த ஒழுகல் சாதாரண ஒழுகலாக இல்லை. எல்லா வண்டியும் மழையில் ஒழுகும். இது மழை கொட்டும்போது ஒரு சொட்டு விடாது. மழை நின்று, சாலை காய்ந்து, வெயில் அடிக்கும்போது சாவகாசமாகச் சொட்டும். டீக்கடையில் இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. வண்டிக்கு வேர்க்குது போல என்றார்கள்.

பாக்கியராஜ் முதலில் முன்பக்கக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் கை வைத்தான். எம்சீலைப் பிசைந்து பிசைந்து சுற்றிலும் அப்பினான். நான்கு நாள் ஒழுகவில்லை. மழை பெய்து ஓய்ந்ததும் ஒழுகியது. அடுத்து கதவு. கதவு விளிம்பெல்லாம் சைக்கிள் ட்யூபை ஒட்டியதில், பிறகு அந்தக் கதவைக் கையால் மூடவே முடியவில்லை. காலால் உதைத்து மூட வேண்டும், திறக்க வேண்டுமானால் உள்ளேயிருந்து ஒருவர் தள்ள வேண்டும். அடுத்து, கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் சல்லடையை அடைத்தான். அதோடு கண்ணாடியில் பனி படிய ஆரம்பித்து, தலையை வெளியே நீட்டி ஓட்ட வேண்டியதாயிற்று. ஒழுகல் மட்டும் அதன் இஷ்டப்படி வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒழுகலைக் கண்டுபிடிக்க டிரைவர்களிடம் ஒரு வழி உண்டு. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்க, மற்றவர் வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். உள்ளே உட்காருவதற்குத் தோழன் சாம்சன் மாட்டினான். அவனும் லோடு வண்டி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பிரியாணி சாப்பிடப் போகும் வழியில் பிடித்துவந்தாயிற்று. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கதவை உதைத்து மூடி, பாக்கியராஜ் ஓஸ் பைப்பை எடுத்து முன்கண்ணாடி, கதவு, சந்து பொந்து எல்லாவற்றிலும் அடித்தான்.

"வருதா?"

"வரல."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"

பதில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் சாம்சன் வியர்வையில் தொப்பலாக நனைந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பியபோது கத்தினான்.

"யோவ், வண்டி ஒழுகல, நான்தான் ஒழுகிக்கினு கீறேன்! கதவத் தொற! ஒழுங்கா அன்புசெல்வன் கைல உட்டுட்டுப் போவியா, சொம்மா ஆள பேஜாரு பண்ணிக்கினு!"

அன்புசெல்வன் பெயரைக் கேட்டதும் பாக்கியராஜ் பைப்பை சாம்சன் பக்கம் திருப்பினான். நட்பு ஒரு வாரம் பேச்சில்லாமல் கிடந்தது.

இதற்கிடையில் ஐப்பசி வந்தது. ஞானம்மாவின் அண்ணன் மகள் சோனியாவுக்கு ஆர்.கே.பேட்டையில் கல்யாணம். ஞானம்மா தூக்கி வளர்த்த பெண். ஞானம்மா பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மூன்று பஸ் மாறி, பட்டுப்புடவையோடும் பலகாரத் தூக்கோடும் போகிறாளாம், புருஷன் சொந்த வண்டியில் பின்னாலேயே வரவேண்டுமாம். பாக்கியராஜுக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் வீட்டார் முன்னால் பெண்டாட்டி பஸ்ஸிலிருந்து இறங்கினால் அந்த அவமானத்தைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கல்யாணத்துக்குக்கூட ஏறாத சீட்டில் அவள் இனி எதற்குத்தான் ஏறுவாள்? அந்தச் சீட்டு காலியாகவே போய்விடும் என்ற பயம்தான் அவனை ஆட்டியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம். இரண்டு நாளாகப் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. பாக்கியராஜ் கேபினுக்குள் மல்லாந்து படுத்து, தலையை பெடல்களுக்கு நடுவில் நுழைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். கேபின் கூரையின் உள்பக்கம் இருந்த ஃபோம் பலகையை எப்போதோ பிய்த்து எறிந்திருந்தான். கால் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் ஞானம்மாவின் அண்ணன் போன் செய்தார். மழை வரும்போல் இருக்கிறது, சமையல் செய்யும் இடத்துக்கு மேலே கட்ட வண்டித் தார்ப்பாயைக் கொண்டுவாருங்கள் என்றார். புருஷனைக் கூப்பிட்டால் காலாட்டுகிறானே தவிர எழுந்து வரவில்லை. ஞானம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லோடு ஏற்றும் பின்பகுதியில் ஏறி, கேபின் கூரை மேல் கட்டியிருந்த தார்ப்பாய் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தாள்.

அந்தத் தார்ப்பாயின் கதை இது. மழை வந்தால் பாக்கியராஜ் அதை கேபின் தலையிலிருந்து வண்டியின் வால் வரை இழுத்துக் கட்டிவிடுவான். மழை நின்றதும் ஈரத்தோடு மடித்து, கூரை மேல் வைத்துக் கட்டிவிடுவான். இத்தனை நாளில் கண்ணாடியைத் தோண்டினான், கதவைத் தோண்டினான், அந்த மூட்டையை மட்டும் நகர்த்திப் பார்க்கவில்லை.

ஞானம்மா இழுத்த வேகத்தில் மடிப்புக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் மொத்தமும் கூரை மேல் கொட்டியது. கீழே பாக்கியராஜின் வயிற்றில் சளசளவென்று விழுந்தது.

"ஒழுகுது!" உள்ளேயிருந்து ஆனந்தக் கூச்சல். "ஞானம், ஒழுகுது! ஷைனி, ஓடிவா, ஒழுகுது!"

மகளைப் பெற்றபோதுகூட இப்படிக் கத்தினானா தெரியாது. ஞானம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். பாக்கியராஜ் தலையை வெளியே இழுத்து அண்ணாந்து பார்க்கும்போதே கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக ஒரு கொண்டை ஊசி ஞானம்மா சீட்டுக்கு மேலே இறங்கியது. மேலே போயிற்று. பக்கத்தில் இறங்கியது. பிறகு டிரைவர் பக்கம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"வெளிய வாய்யா" என்றாள் ஞானம்மா.

வந்தான். கதவை உள்ளேயிருந்து உதைத்துத்தான் வர வேண்டியிருந்தது.

"போன கிறிஸ்மஸ்க்கு கேரல் ரவுண்டு போனப்ப வண்டி மேல ஆளுயர நட்சத்திரம் வெச்சியே, அத்த எப்டி நிறுத்தின?"

பாக்கியராஜ் தலையைச் சொறிந்தான். சர்ச்சிலேயே பெரிய நட்சத்திரம். சீரியல் பல்பு எல்லாம் சுற்றி, சாம்சனைக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக்கிப் பின்னால் நிறுத்தி, தெருத்தெருவாகப் போனார்கள். நட்சத்திரத்தின் நான்கு காலுக்கும் கூரையில் டிரில் போட்டு ஸ்குரூ அடித்தது அவன்தான். அடுத்த வருஷமும் மாட்ட வேண்டுமே என்று ஸ்குரூவை அப்படியே விட்டதும் அவன்தான். வண்டி ஆடிய ஆட்டத்தில் அவை கழன்று எங்கோ விழுந்துவிட்டன. மழையில் அந்த ஓட்டைகளைத் தார்ப்பாய் மூடியது, வெயிலில் அதே ஈரத் தார்ப்பாய் அவற்றின் வழியே சொட்டியது.

"கயித்துல கட்டு, தகரத்துல ஓட்ட போடாதன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"அப்ப இன்னா சொன்ன நீ?"

"உனக்கு இன்னா தெரியும்னு சொன்னேன்."

ஞானம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். இரண்டு மாதத்து எம்சீலும் ட்யூபும் அப்பிய வண்டியின் முன்னால், வயிறு நனைந்து நின்ற அந்த ஆளைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும்.

"சரி. நாளைக்கு வரேன். ஆனா ஒரு சொட்டு, ஒரே சொட்டு எம் மேல வுழுந்துச்சி, நடுரோடா இருந்தாலும் எறங்கிடுவேன். அதுக்கப்புறம் நீ தங்கத்துல கூரை போட்டாலும் ஏறமாட்டேன்."

பாக்கியராஜ் எம்சீல் வாங்க ஓடினான். இத்தனை நாளாக அவனே வாங்கி வாங்கித் தீர்த்ததில் கடையில் ஒரு சின்னப் பாக்கெட்தான் மிச்சம் இருந்தது. அதைப் பிசைந்து ஞானம்மா பக்கத்து இரண்டு ஓட்டையையும் மேலே அடைத்து, கீழே அடைத்து, விரலால் நீவி நீவி மெழுகினான். பாக்கெட் காலி. தன் பக்கத்து இரண்டு ஓட்டையும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பீரோ சாவியை ஷைனியிடம் கெஞ்சி வாங்கி, துணி சோப்பில் ஒரு துண்டு வெட்டிப் பிசைந்து அடைத்தான். டீசலுக்குக் கரையாத சோப்பு தண்ணீருக்குக் கரையும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். மழை வராது என்று நினைத்துக்கொண்டான். வந்தாலும் தன் தலைதானே.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். ஷைனி முந்தின நாள் சாயங்காலமே மாமா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். தார்ப்பாய் பின்னால் கிடந்தது, கூரை வெறுமையாக இருந்தது. ஞானம்மா மாம்பழ நிறப் பட்டு உடுத்தி, மடியில் துண்டு விரித்து, மேலே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பெரியபாளையம் தாண்டும்வரை அவள் பேசவே இல்லை. பிறகு கழுத்து வலித்தது போல. தலையை இறக்கி, "அந்த சூப்பர்வைசர் இன்னா பண்ணான் தெரியுமா" என்று ஆரம்பித்தாள்.

"ம்" என்றான் பாக்கியராஜ். நெஞ்சு நிறைந்துவிட்டது.

காக்களூரை நெருங்கும்போது வானம் இருண்டு, சடசடவென்று பிடித்தது. வைப்பர் திணறியது. ஞானம்மா உள்ளங்கையை மேலே நீட்டிப் பார்த்தாள். சொட்டு இல்லை. இன்னொரு கையையும் நீட்டினாள். இல்லை.

"பரவால்லியே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னாவோ சோப்பு வாசன வருது?"

"இங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல சோப்பு கம்பெனி ஏதாச்சும் இருக்கும்" என்றான் பாக்கியராஜ் முன்னாலேயே பார்த்தபடி.

திருவள்ளூர் போயிற்று. திருத்தணி போயிற்று. மழை விடவில்லை, வாசனையும் விடவில்லை. பொதட்டூர்பேட்டை பக்கம் இரண்டு புறமும் வயல், கம்பெனி என்று ஒரு கொட்டகைகூட இல்லை.

"ஏன்யா, அந்த சோப்பு கம்பெனி நம்ம கூடவே வருதா?" என்று திரும்பினாள் ஞானம்மா.

பாக்கியராஜின் தலையில் வெள்ளை வெளேரென்று நுரை. காதோரம் இறங்கி, கழுத்தில் வழிந்து, கல்யாணத்துக்கென்று எடுத்த புதுச் சட்டையின் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் ஓட்டிக்கொண்டிருந்தான். ஞானம்மா கூரையைப் பார்த்தாள். தன் பக்கம் இரண்டு கெட்டியான சாம்பல் பொட்டு. அவன் பக்கம் பொங்கிப் பொங்கி வரும் நுரை.

"எனக்கு மட்டும் எம்சீலு?"

"ஒரு பாக்கெட்டுதான் இருந்துச்சி."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா எறங்கிடுவியே."

ஞானம்மா நெருங்கி உட்கார்ந்தாள். மடியிலிருந்த துண்டால் அவன் முகத்தைத் துடைத்து, அதையே நாலாக மடித்து அவன் தலைக்கு மேலே கூரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆர்.கே.பேட்டை வரை அந்தக் கையை எடுக்கவில்லை. கை வழியாகத் தண்ணீர் இறங்கி ரவிக்கை நனைந்தது, பட்டு முந்தானை நனைந்தது. பாக்கியராஜ் பார்த்தான். எங்கே நிறுத்தச் சொல்வாளோ என்று கால் பிரேக் மேலேயே இருந்தது.

"ரோட்ட பாத்து ஓட்டுய்யா. அந்த சூப்பர்வைசர் கதைய நான் இன்னும் முடிக்கல."

கல்யாண மண்டபத்தில் அண்ணி ஓடிவந்து, நுரை காய்ந்த மனிதனையும் ஒரு பக்கம் நனைந்த மனுஷியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா ஞானம் இது கோலம்? திரும்பறப்ப எங்க கார்ல வந்துடு" என்றாள்.

"இல்ல அண்ணி. எங்க வண்டியிலயே போறேன். மழ வந்தா இவரு தலைய யாரு புடிச்சிக்கிறது?"

அன்றும் முன்வரிசையில் நின்றுதான் பாடினாள். நனைந்த முந்தானையை மறைக்கவில்லை. பாக்கியராஜ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான். இந்த ஒருத்திக்காக அன்புசெல்வனிடம்கூடப் போகலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான். "காலைல அன்புசெல்வன் பட்டறைல உட்டு வெல்டிங் வெச்சிடறேன் ஞானம்."

"ஒண்ணும் வாணாம். பாக்கெட் வாங்கியா. நானே அடைக்கறேன். உனக்கு ஓட்ட போடத்தான் தெரியும்."

மறுநாள் காலை தெரு வேடிக்கை பார்த்தது. ஞானம்மா கேபினுக்கு மேலே குனிந்து எம்சீலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். பாக்கியராஜ் உள்ளே அவள் சீட்டில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஊற்றினாள்.

"வருதா?"

"வரல."

"நல்லா பாரு."

"வரல ஞானம்!"

தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்து மறுபடியும் அடித்தார். ஞானம்மா நிமிர்ந்து, எம்சீல் ஒட்டிய கையை வீசி, நீ போ என்றாள்.